வால்வு ஆபரேஷனுக்கு 3 வாரம் இருக்கிறது, சொத்தைப் பல்லை எப்போது பிடுங்குவது?

கேள்வி (இதய வார்டு செவிலியர்)

ருமாட்டிக் நோயால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் காய்ச்சல் இதய வால்வைக் கெடுப்பது) மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு, சுருங்கிய நோயாளி, வயது 52. மெக்கானிக்கல் வால்வு பொருத்த மூன்று வாரம் கழித்து நாள் குறித்திருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறார், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் அளவு, கூடினால் கசிவு அதிகம்) 2.6. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியும் உண்டு. எக்ஸ்ரேயில் கீழ்க்கடைவாயில் இரண்டு வேர்த்துண்டுகள், ஒன்றின் நுனியில் சீழ். ஆபரேஷனுக்காக எப்படியும் 5 நாள் முன் வார்ஃபரினை நிறுத்துவோம். அப்போதே பல்லையும் பிடுங்கிவிடலாமா? ஆன்டிபயாடிக் எது? பிடுங்கும் பல்லிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இதயத்துக்குப் பயன்படுத்தலாமா என்று மகன் வேறு கேட்கிறார்.

பதில் (வாய் அறுவை மருத்துவர்)

அந்த 5 நாள் கணக்கு வேண்டாம். பார்க்க வசதியாகத் தெரியும், மாட்டிக்கொள்வதும் அதில்தான். ஆபரேஷனில் இதயத்தின் வேலையைச் செய்யும் பைபாஸ் இயந்திரத்தில் ஏற்றும்போது, ரத்தம் உறையாமலிருக்க உடல் எடை கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெபாரின் போகும். 4 நாள் புண்ணாக இருக்கும் பல்குழி அப்போது மறுபடி கசியும். ஈறு மூடிக்கொள்ள 2 வாரமாவது வேண்டும், அதனால் இந்த வாரமே பிடுங்கிவிடுங்கள்.

வார்ஃபரினை நிறுத்தாமலே செய்யலாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்த ஐஎன்ஆர் 3.5-க்குக் கீழே இருந்தால் போதும். ஒரே அமர்வில் இரண்டு வேரையும் எடுத்து, குழியில் ஜெலட்டின் ஸ்பாஞ்ச் வைத்து, தையல் போட்டு, பஞ்சை 30 நிமிடம் கடிக்க வைக்க வேண்டும். பிறகு ரத்தக் கசிவை நிறுத்தும் 5% ட்ரானெக்ஸாமிக் ஆசிட் கரைசல், 10 மில்லி, 2 நிமிடம் வாயில் வைத்துத் துப்புவது, தினம் 4 வேளை, 2 நாள். கரைசல் கிடைக்காவிட்டால் 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலக்கினால் அதே அளவு வரும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். சீழைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிவிடுவார்கள், அது ஐஎன்ஆரைத் தூக்கிவிடும்.

இன்னொன்று: மைட்ரல் சுருக்கத்தில் நாடித்துடிப்பு ஏறினால் இடது மேலறையிலிருந்து ரத்தம் இறங்க நேரம் போதாமல் நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் மரத்துப்போகும் ஊசியில் கலந்திருக்கும், துடிப்பை ஏற்றும் அட்ரினலின் 0.04 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 1:100000 வீரியத்தில் 1.8 மில்லி குப்பி இரண்டு. நாற்காலியை முழுக்கச் சாய்க்காதீர்கள், படுத்தால் மூச்சு முட்டும்.

பதில் (இதய மயக்கவியல் மருத்துவர்)

ஆன்டிபயாடிக்கில் பலர் இன்னும் பழைய பாடத்திலேயே நிற்கிறார்கள். பல் வேலையின்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி இதய வால்வில் தொற்றாமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் யாருக்குத் தேவை என்ற பட்டியலை அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் சுருக்கியபோது, சொந்த வால்வில் ருமாட்டிக் பாதிப்பு மட்டும் உள்ளவர்கள் அதிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். நியூசிலாந்து போன்ற இடங்களில் இன்னும் சேர்க்கிறார்கள், ஆகவே உங்கள் குழு எதைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். செயற்கை வால்வு பொருத்திய பின்னரோ, ஈறில் ரத்தம் வரும் எந்தப் பல் வேலைக்கும் ஆயுள் முழுக்கத் தேவை: அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே வேளை, 30 முதல் 60 நிமிடம் முன். மறந்துவிட்டால் முடிந்து 2 மணி நேரம் வரை கொடுக்கலாம்.

ஆனால் இவர் பென்சிலின் ஊசியில் இருப்பதால் வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி பென்சிலினுக்கும் அதே குடும்பத்து அமாக்ஸிசிலினுக்கும் அடங்காமல் போயிருக்கலாம். அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் எடுப்பது சரி. முன்பு மாற்று மருந்தாக இருந்த கிளிண்டமைசினை 2021-இல் அந்தச் சங்கம் நீக்கிவிட்டது.

நல்ல பல்லைச் 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு' பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மேயோ கிளினிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இதய ஆபரேஷனுக்கு முன் பல் பிடுங்கிய 205 பேரில் 8% பேருக்குப் பெரிய பாதகம் நேர்ந்தது. பிடுங்கியதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, நோயே கடுமையானது. ஆனாலும் சீழ் கோத்தது, ஆடுவது, இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பதில் (செல் ஆய்வகம்)

மகனிடம் நேராகச் சொல்லிவிடலாம்: இந்த வேர்களில் பல்கூழ் (பல்லின் உள்ளே இருக்கும் மென்மையான திசு) அழுகிப்போயிருக்கும், எடுக்க ஒன்றுமில்லை. உயிருள்ள கூழ் வேண்டும். ஆரோக்கியமான ஞானப்பல்லோ விழவிருக்கும் பால்பல்லோதான் ஆகும். பல்லை வெட்டித் திறக்கும்போது பர் (சுழலும் வெட்டுமுனை) சூடேறினாலே கூழ் வெந்துவிடும், அதனால் உப்புநீர் ஊற்றிக்கொண்டே வெட்டுவோம். பிறகு கொலாஜினேஸ், டிஸ்பேஸ் நொதிகளில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம், 70 மைக்ரான் சல்லடை, வளர்ப்பு, கடைசியில் திரவ நைட்ரஜன்.

பல்கூழ் ஸ்டெம் செல்லை 2000-இலும் பால்பல் செல்லை 2003-இலும் விவரித்தார்கள். 2008-இல் மாரடைப்பு உண்டாக்கிய எலிகளின் இதயத்தில் மனிதப் பல்கூழ் செல்லைச் செலுத்தியபோது தழும்பு சிறுத்தது, புது ரத்தக்குழாய்கள் வந்தன. ஆனால் அந்தச் செல்கள் இதயத் தசையாக மாறவில்லை. சுரந்த வளர்ச்சிக் காரணிகள்தான் வேலை செய்தன. சுருங்கி இறுகிய வால்வுக்கு இதில் எதுவும் இல்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி. கிருமி கொல்லும் வாய்க்கொப்பளிப்பு மருந்தான குளோர்ஹெக்ஸிடினை எப்போது தொடங்கட்டும்?

பதில் (வாய் அறுவை மருத்துவர்)

பிடுங்கிய முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளிக்கவே கூடாது, கட்டி நின்ற ரத்தம் கழன்றுவிடும். மறுநாள் முதல் 0.12%, 15 மில்லி, 30 விநாடி, இரு வேளை. பற்பசையின் நுரைப்பொருள் அதைச் செயலிழக்க வைக்கும், பல் துலக்கி 30 நிமிடம் விடுங்கள். ஆபரேஷனுக்குப் பின் வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) இருக்கும்போது இதை நம்பி பிரஷ்ஷை விட்டுவிடாதீர்கள். 2022 முதல் அங்கே பல் துலக்குவதைத்தான் பரிந்துரைக்கிறார்கள், குளோர்ஹெக்ஸிடினை அல்ல.