மறு: ‘ரெலிமெற்றி’க்குத் தமிழ்: என் வாக்கு ‘கூவி’க்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பறந்துபோன வேட்டைப் பறவையை றேடியோவால் தேடும் ‘ரெலிமெற்றி’க்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவின் உரையாடலை நான்கு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்றிரவு கனடாவிலிருந்து அண்ணர் எழுதியதைக் கண்டபின் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. அவர் கேட்டது இது:

> ரெலிமெற்றிக்குத் ‘தொலையளவியல்’ என்ற சொல் இருக்கத்தானே செய்கிறது? பிறகு ஏன் இன்னொன்று?

அண்ணர், தொலையளவியல் பழுதில்லாத சொல். செய்மதி ஒன்று தன் பற்றரியின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் தரைநிலையத்துக்கு அனுப்புகிறதே, அதற்கு இது அச்சொட்டாகப் பொருந்தும். நமக்கு வந்த வேண்டுகோள் வேறு. வளைகுடாவில் வேட்டை வல்லூறுகளைப் பராமரிக்கும் இடத்தில் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பி, தன்னோடு புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு எழுதுகிறான். பறந்துபோன பறவையைத் தேடும் றேடியோக் கருவியை எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் அதன் பொருள். அந்தக் கருவிகளில் மிகச் சாதாரணமான வகை எதையும் அளப்பதில்லை. பறவையின் உடலில் கட்டிய சிறு குமிழ் ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பை வெளியிடுகிறது, அவ்வளவுதான். தான் எங்கே இருக்கிறது என்று அது சொல்வதில்லை. ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்கிறது. எங்கே என்பதைக் கையில் அன்ரனாவோடு நிற்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்குத் ‘தொலையளவி’ என்று பெயர் வைத்தால், தூரத்தை அளந்து சொல்லும் கருவி என்று எண்ணித்தான் ஒருவன் காசைக் கொடுப்பான். பறவை பாலைவனத்தில் போய் மறைந்த பிறகுதான் அவனுக்குப் பிழை விளங்கும்.

கடந்த ஆவணியில் தம்பி விடுமுறையில் வந்தபோது பழைய கருவி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். 434 மெகாஹேட்ஸில் வேலை செய்வது. குமிழ் பெருவிரல் நகத்தளவு. அதிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் குதிரைமயிர் போன்ற கம்பி. அராலிப் பக்கம் ஒரு பனங்கூடலுக்குப் போனோம். முதலில் அதை ஒரு வடலியின் அடியில், காவோலைக்குள் ஒளித்து வைத்தோம். இருநூறு அடி தள்ளி நின்று கேட்டால் வாங்கியில், அதாவது அலையைப் பிடித்து ஒலியாக்கும் கைக்கருவியில், இரைச்சல்தான் வந்தது. காதை ஒட்டி வைத்தபோது அதற்குள் ஒரு மெல்லிய துடிப்பு. பிறகு அதையே பக்கத்துக் கிணற்றுத் துலாவின் நுனியில் கட்டி உயர்த்தினோம். நின்ற இடம் அதே இடம். வாங்கி அலறியது. வல்லூறு வானில் நிற்கும்போது வெகுதூரம் கேட்கும் அலை, அது இரையோடு தரையில் இறங்கியதும் ஏன் அறுந்துபோகிறது என்பது அந்தத் துலாவில் எனக்கு விளங்கியது. பௌதிகவியல் பாடத்தில் இத்தனை ஆண்டு நான் கரும்பலகையில் கீறிக் காட்டியதை விட அது தெளிவாக இருந்தது.

அன்ரனாவைப் பிடித்திருந்தவன் என் பெறாமகன், பன்னிரண்டு வயது. மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். “சித்தப்பா, அங்கிருந்து கூவுகிறது” என்றான். அந்தச் சொல்லை ஒருவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாம் இங்கே அலைபரப்பி, செலுத்தி, அனுப்பி என்று எழுதித் தள்ளிக்கொண்டிருக்க, சொல் அங்கே துலாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே என் பரிந்துரை: பறவையில் கட்டுவது ‘கூவி’. கையில் இருப்பது ‘வாங்கி’. இது நம் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள சொல். தேடும் முறைக்கு ‘கூவித்தேடல்’.

இப்படிப்பட்ட எளிய சொற்கள் விளையாட்டுச் சொல் போல இருக்கின்றன, கனமில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வல்லூறு வளர்ப்போர் றேடியோ வருவதற்கு நெடுங்காலம் முன்பே பறவையின் காலில் சிறு மணி கட்டித்தான் அதைத் தேடினார்கள். லாகூரில் வார்த்த மணிகளுக்கு இன்றும் அவர்களிடையே மதிப்பு உண்டு. 1963இல் அமெரிக்க ஆய்வாளர்களான கொக்ரனும் லோர்டும் காட்டு விலங்குகளை றேடியோவால் தேடும் முறையை விவரித்து எழுதியபோது, அந்த மணியின் வேலையைத்தான் ஒரு சிறு சுற்றுக்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் மேயப் போன மாட்டை அந்தியில் மணியோசையை வைத்துத் தேடிய எவருக்கும் கூவியை விளக்க வேண்டியதில்லை. கனத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியருக்கு இந்தக் குழுவிலுள்ள எல்லோரும் கடன்பட்டவர்கள். அவர் உடலமைப்பு நூலுக்கு வைத்த ‘அங்காதிபாதம்’ கனமான சொல்தான். இன்று மருத்துவம் படிக்கும் பிள்ளை ஒன்றின் வாயிலும் அது இல்லை.

வவுனியா அக்கா எழுப்பிய கேள்வி மட்டும் என்னை இரண்டு நாள் நிறுத்தி வைத்தது. வெப்பநிலைக்கு ஏற்பத் துடிப்பின் வேகத்தை மாற்றும் கருவிகள் உண்டு, அவை அளக்கத்தானே செய்கின்றன என்று கேட்டார். உண்மை. அந்த வகைக்குத் தொலையளவியல் என்ற சொல் உரிமையோடு பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவும் கூவியே, கூவும் வேகத்தில் ஒரு செய்தியையும் சேர்த்து வைத்த கூவி. ஜிபிஎஸ் கருவிதான் உண்மையில் வேறு இனம். அது தன் இடத்தைத் தானே கணித்து, உயரத்தையும் வேகத்தையும்கூட அனுப்புகிறது. அதற்கு ‘இடஞ்சொல்லி’ என்று வைப்போமா?

இந்த இரண்டு சொல்லும் கிடைத்துவிட்டால் கையேட்டின் முதற்கேள்வியைத் தம்பி ஒரே வரியில் கேட்கலாம்: உனக்கு வேண்டியது கூவியா, இடஞ்சொல்லியா? இடஞ்சொல்லி வசதியானது, ஆனால் பற்றரியைக் குடிக்கும், எடையும் கூட. பறவை சுமக்கும் கருவி அதன் உடல் எடையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவழக்கு. ஒரு கிலோ வல்லூறுக்கு 3 பங்கு என்றால் 30 கிராம், தாராளம். 150 கிராம் எடையுள்ள சிறிய பறவைக்கு அதே கணக்கில் நாலரைக் கிராம்தான். அங்கே பெரும்பாலும் கூவிதான் கைகொடுக்கும். பெரிய பறவைக்கு இரண்டையும் கட்டுவோர் உண்டு. இடஞ்சொல்லி ஓய்ந்த பிறகும் கூவி கூவிக்கொண்டிருக்கும்.

சென்னை நண்பருக்கு: ‘மீடிறன்’ விளங்கவில்லை என்றீர்கள். நீங்கள் ‘அதிர்வெண்’ என்பதைத்தான் நாங்கள் பள்ளி நாள் தொட்டு மீடிறன் என்று படித்தோம். வளைகுடாவில் இரு கரைப் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்வதால் முதல் தடவை இரண்டையும் எழுதுவோம். இந்த இடத்தில் சொல்லை விட எண்தான் ஆளைக் கவிழ்க்கும். அமெரிக்காவில் 216, பிரித்தானியாவில் 173, ஐரோப்பாவில் 434 மெகாஹேட்ஸ் என்று வழக்கம் வேறுபடுகிறது. ஒன்றுக்கான வாங்கி மற்றதைக் கேட்காது. 216இல் அன்ரனாக் கம்பி ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் நீளம், 434இல் அதில் பாதி. பற்றைக்குள் நுழைந்து தேடுபவனுக்குக் கட்டையான கம்பி சுகம். ஆனால் இலைதழைக்குள் நீண்ட அலைதான் சற்று நன்றாகப் புகும்.

கையில் பிடித்துச் சுற்றும் அந்த அன்ரனாவின் பெயரை மாற்ற வேண்டாம். 1926இல் ஜப்பானியப் பொறியியலாளர்களான யாகியும் உடாவும் விவரித்தது. ‘யாகி அன்ரனா’ என்றே இருக்கட்டும். அதன் வடிவத்தைச் சொல்லும் ‘மீன்முள்’ என்பதை விளக்கமாக ஒரு தடவை போடலாம். கூரையில் ஒருவர் ஏறி நின்று மீன்முள்ளை இந்தியப் பக்கம் திருப்ப, தூரதர்ஷன் தெளிந்ததும் வீட்டுக்குள்ளிருந்து “நிறுத்து, நிறுத்து” என்று கத்திய தலைமுறை நாம். நமக்குத் திசைதேடல் புதிதா? கட்டடத்திலும் பாறையிலும் அலை பட்டுத் திரும்புவதற்குப் பாடநூலின் ‘தெறிப்பு’ போதும். பறவைக்கு வல்லூறு என்றே எழுதுவோம். பருந்து என்றால் கோழிக்குஞ்சைத் தூக்கும் பிராந்துதான் நம் ஆட்களுக்கு நினைவில் வரும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. கூவியைக் காலில் கட்டினால் காற்கட்டு, முதுகில் பட்டியிட்டுக் கட்டினால் முதுகுக்கட்டு. வாலில் அப்படிக் கட்டுவதில்லை. வாலின் நடு இறகுத் தண்டில் ஒரு சிறு கவ்வியை இறுக்கி நிரந்தரமாக விட்டு, பறக்கவிடும் நேரத்தில் மட்டும் கூவியை அதில் கொழுவுகிறார்கள். இறகு உதிரும்போது கவ்வியும் போய்விடும். ‘இறகுக்கவ்வி’ என்று எழுதிப் பார்த்தேன். இறகையே நெரித்துவிடும் கருவி போல ஒலிக்கிறது. ‘கொழுவி’ என்றால் தமிழ்நாட்டில் விளங்குமா? சென்னை நண்பர் சொல்ல வேண்டும். தம்பி ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை எழுதத் தொடங்குகிறான்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து