குரோஷே பொம்மைகளை வீட்டிலிருந்து விற்கிறேன், இணையதளம் தொடங்கலாமா?

நூல்கண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக வீட்டிலிருந்தபடியே குரோஷே பொம்மைகளைப் பின்னி, சமூக வலைத்தளத்தில் படம் போட்டு விற்று வருகிறேன். தொடக்கத்தில் தெரிந்தவர்கள் மட்டுமே வாங்கினார்கள். நான்கு மாதங்களாக முன்பின் அறியாதவர்களிடமிருந்தும் ஆர்டர்கள் வருகின்றன. நூல், பஞ்சு, கண்கள் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைப் போல் இரண்டரை மடங்கை விலையாக வைத்து, அனுப்பும் செலவையும் அதிலேயே அடக்கிவிடுகிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. சொந்தமாக இணையதளம் தொடங்கினால் வியாபாரம் பெருகும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏற்கெனவே கூட்டம் வரும் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் கடை திறப்பதே நல்லது என்கிறாள் தோழி. எதை முதலில் செய்வது?

பேரேடு எழுதியது:

இரண்டையும் சற்றே தள்ளி வையுங்கள். ஒரு பொம்மையில் நிற்காத காசு நூறு பொம்மையில் எப்படி நிற்கும்? முதலில் ஒரே ஒரு பொம்மையின் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். விற்பனை விலை 100 என்று கொண்டால், நீங்கள் சொன்னபடி மூலப்பொருளுக்கு 40 போகிறது. பணம் பெற்றுத் தரும் சேவைக்கு 3, பெட்டிக்கும் ஒட்டுநாடாவுக்கும் 7, கூரியருக்கு 35 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 15. பின்ன ஆறு மணி நேரம் ஆகிறது என்றால் உங்கள் ஒரு மணி நேர உழைப்புக்கு 2.5 கிடைக்கிறது. மூலப்பொருள் தவிர மற்றவை நான் ஊகித்த எண்கள். உங்கள் எண்களைப் போட்டால்தான் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

என் ஊகம், ஓட்டை பெட்டியில் இருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்கள் வழக்கமாகக் கொள்ளும் 5000 என்ற எண்ணால் வகுத்து, அப்படிக் கிடைக்கும் பரும எடை உண்மை எடையை விட அதிகமாக இருந்தால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. நான் காகித விளக்குக் கூடுகள் விற்கத் தொடங்கியபோது இது தெரியாமல் ஆறு மாதம் காற்றுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சு அடைத்த பொம்மையும் அதே இனம்தான்.

வாசற்படி எழுதியது:

பேரேடு சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இணையதளம் இப்போது தேவையில்லை என்றாலும், அதற்கான டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, இன்றே பதிவு செய்வதில் தவறில்லை. செலவு சிறிது, பிறகு வேறொருவர் எடுத்துக்கொண்டால் வருத்தம் பெரிது. பதிவை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் செய்யுங்கள். எனக்குத் தளம் அமைத்துக் கொடுத்தவர் தம் பெயரில் பதிவு செய்துவிட்டார். அவர் தொழிலை மாற்றிக்கொண்டு போனபின் என் கடையின் பெயரை நானே கெஞ்சி வாங்க வேண்டியதாயிற்று. டாட் காம் போன்ற பெயர்களை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். காலாவதியாகி நீக்கப்பட்ட பெயரை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு என்றாலும், அதற்கான கூடுதல் கட்டணம் புதுப்பிக்கும் கட்டணத்தைப் போல் பல மடங்காகிவிடும்.

பெரிய விற்பனைத் தளத்தில் வாங்குபவர் தானாக வருவார். ஆனால் அவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர், உங்களுடையவர் அல்லர். கணக்கு ஒரு நாள் முடக்கப்பட்டால் அவரைத் திரும்ப அழைக்க உங்களிடம் முகவரி இருக்காது. சொந்தத் தளத்திலோ வாசல் உங்களுடையது, ஆனால் ஆளை அழைத்து வருவதும் உங்கள் வேலை. ஆகவே முதல் ஆண்டு அங்கே விற்று, எந்தப் பொம்மைக்குத் தேவை இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, பிறகு தனியே வருவதுதான் என் யோசனை.

இரட்டைமுடிச்சு எழுதியது:

இடையில் ஒன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையில் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள். நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள். பொம்மைப் பாதுகாப்புச் சோதனைகளில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துவார்கள். கழன்று விழும் பாகம் எதுவும் அதற்குள் முழுமையாக அடங்கினால் அது குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது என்று பொருள். நீங்கள் பயன்படுத்தும் கண்கள் அனைத்தும் அதில் அடங்கும். பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களையும் பின்னி விற்க வேண்டாம். உரிமையாளர் ஒரு புகார் அனுப்பினால் அந்தப் பதிவோடு கடையும் போகலாம்.

நூல்கண்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அளவுநாடாவுடன் உட்கார்ந்தேன். என் பெட்டி 30, 25, 20 சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தால் 3 கிலோ. உள்ளே இருக்கும் முயலின் எடை 280 கிராம். காதுகளை மடக்கி வைத்தால் 22, 18, 12 அளவுள்ள பெட்டியில் தாராளமாக அடங்குகிறது. பரும எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஓராண்டாக நீளக் காதுகளுக்காகப் பெரிய பெட்டி வாங்கியிருக்கிறேன்!

நேரத்தையும் குறித்துப் பார்த்தேன். ஆறு மணி நேரம் அல்ல, ஒன்பது. பின்னுவதற்கு ஆறரை; மீதி முழுவதும் உறுப்புகளை இணைத்துத் தைப்பதிலும், "எவ்வளவு உயரம்", "துவைக்கலாமா", "எப்போது வரும்" என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதுவதிலும் போகிறது. கைப்பேசி ஒலித்தால் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறேன். திரும்ப எடுக்கும்போது வரிசையில் எத்தனை தையல் என்று மறுபடி எண்ண வேண்டியிருக்கிறது.

பேரேடு எழுதியது:

அந்த மூன்று கேள்விகளுக்கான விடைகளும் படத்தின் கீழேயே இருக்க வேண்டியவை. உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுவதோடு, பொம்மையைக் கையில் பிடித்த படம் ஒன்றையும் சேருங்கள். எண்ணைப் படிக்காதவர்களும் கையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். "ஆர்டருக்குப் பிறகே பின்னப்படும், 10 வேலைநாளில் அனுப்பப்படும்" என்று எழுதிவிட்டு, 7 நாளில் அனுப்புங்கள். செய்திகளுக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பதில் சொன்னால் போதும். ஒன்பது மணி நேரம் ஏழரையாக இறங்கும்.

விலையை உயர்த்தத் தயங்குவீர்கள் என்று தெரியும். ஏற்கெனவே வந்த ஆர்டர்களைப் பழைய விலைக்கே முடித்துக் கொடுங்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புதிய விலையை வைத்து, கூரியர் கட்டணத்தைத் தனியாகக் காட்டுங்கள். முப்பது ஆர்டர் இருபதாகக் குறைந்தாலும் பதற வேண்டாம். இரண்டு மாதக் கணக்கை எழுதி வையுங்கள்; தளத்தைப் பற்றி அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.