பாங்காக் படகு விருந்தில் அம்மாவுக்குச் சுத்த சைவம் கிடைக்குமா?

வரும் சனிக்கிழமை இரவு சாவ் பிரயா ஆற்றில் பஃபே படகுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஐகான்சயாம் படகுத்துறையில் ஏறி, வாட் அருண் கோயிலைத் தாண்டிப் போய்த் திரும்பும். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். படகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். 'வெஜிடேரியன் உண்டு' என்று ஒரே வரி. 'நாம் பிளா' என்கிற மீன் சாஸை அங்கே காய்கறி வதக்கும்போதும் ஊற்றுவார்களே, அதைக் கேட்டால் பதில் இல்லை. ஏஜென்ட், ஹோட்டல் வரவேற்பறை, இரண்டு பேரும் கைவிரித்துவிட்டார்கள். ஊருக்குள் மஞ்சள் கொடியில் சிவப்பாக 'ஜே' என்று எழுதிய கடைகளில் மீன் சாஸ், முட்டை எதுவும் இருக்காது, பிரச்சினையில்லை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் வாட் அருணை ஆற்றிலிருந்து பார்க்க அம்மாவுக்கு அவ்வளவு ஆசை. வெறும் சோறும் தர்பூசணியுமாக அவரை உட்கார வைக்க மனசு வரவில்லை. இந்தப் படகுகளில் போனவர்கள் யாராவது, 'ஜே' சாப்பாடு தனியாகச் சமைத்துத் தரச் சொல்லி வாங்கியிருக்கிறீர்களா?