பார்பிக்யூவில் பழம் சுட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். போன வாரம் கறி சுட்டு முடித்த கையோடு, அதே அடுப்பில் அன்னாசியும் பீச் பழமும் சுட்டுப் பார்த்தேன். அன்னாசி பரவாயில்லை. பீச் கம்பியில் ஒட்டிக் கூழாகிவிட்டது. போதாததற்கு ஒரே மசாலா வாசனை! தேனை முதலிலேயே தடவியது என் தப்புதான். சர்க்கரை சீக்கிரம் கருகும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்த முறை கம்பியை நன்றாகத் தேய்த்துவிட்டு, பழத்தில் லேசாக எண்ணெய் தடவி, தணல் குறைந்த பக்கத்தில் வைக்கலாம் என்றிருக்கிறேன். பீச்சுக்கு எத்தனை நிமிடம் சரியாக வரும்? கொஞ்சம் கெட்டியான பழமாக எடுக்க வேண்டுமா? வாழைப்பழத்தைத் தோலோடு கீறி, சாக்லேட் வைத்துச் சுட்டவர்கள் அலுமினியத் தாளில் சுற்றினீர்களா, அப்படியே வைத்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை 8 பேர் சாப்பிட வருகிறார்கள், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.