பெற்றோருக்காக ஒரு கேம்பர் வேன்: எந்த வசதிகளைக் கேட்பது, டீலரிடம் விலையை எப்படிப் பேசுவது?

கேள்வி: தேவகோட்டை வாசகர் (கார்த்திகை இறுதி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 77, ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 72. ஒவ்வொரு தை மாதமும் குன்றக்குடியில் காவடிகள் கூடிப் புறப்படும்போது நானும் என் தம்பியும் பழனிக்கு நடக்கிறோம். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகச் செல்லும் அந்தப் பாதையில் அப்பச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவர்கள். முழங்கால் இடம் தராததால் இப்போது வீட்டிலிருந்தே கும்பிடுகிறார்கள். அடுத்த தைப்பூசத்துக்காவது, நாங்கள் நடக்கும் வழியில் ஒவ்வோர் இரவுத் தங்கலிலும் அவர்கள் இருவரும் எங்களுடன் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஆத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது. தங்கும் இடங்களில் அதற்கு வசதி கிடைப்பது அரிது. ஆகவே கழிப்பறையும் படுக்கையும் உள்ள ஒரு கேம்பர் வேனைப் புதிதாக வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். மற்ற மாதங்களில் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி எனக் கோயில்களுக்கும், கோடைக்கானலுக்கும் அதிலேயே போகலாம் என்று நினைக்கிறோம்.

டீலர் தந்த விலைப்பட்டியல் இது. வண்டியும் அடிப்படை உள்ளமைப்பும் சேர்த்து 24,60,000 ரூபாய். ‘முழு வசதித் தொகுப்பு’ 4,85,000; அதில் கூரை ஏசி, 400 வாட் சோலார், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கேசட் கழிப்பறை, பக்கவாட்டு வெயில் மறைப்பு, 43 அங்குலத் தொலைக்காட்சி, தோல் இருக்கைகள், தேக்கு அலமாரிகள் ஆகியவை அடங்கும். காப்பீடு 1,12,000, ஆக்சசரீஸ் 58,000, ஹேண்ட்லிங் கட்டணம் 32,000, கூடுதல் வாரண்டி 45,000, டி.சி.எஸ். என்னும் வரிப் பிடித்தம் 29,450. ஆக மொத்தம் 32,21,450 ரூபாய். சாலை வரியும் பதிவுச் செலவும் தனி. ‘மொத்தத்தில் 25,000 குறைக்கிறோம், இந்த வாரமே முன்பணம் கட்டிவிடுங்கள்’ என்கிறார்கள். தொகுப்பில் உள்ள எல்லாமே எங்களுக்குத் தேவைதானா, இந்த விலையில் எவ்வளவு பேசலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில் 1: செக்காலை வாசகர், காரைக்குடி

நான்கு ஆண்டுகளாக இத்தகைய வண்டி ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். விலை பேசுவதற்கு முன் தொகுப்பைப் பிரித்துப் பாருங்கள். பின்னால் சேர்க்க முடியாதவை எவை, எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளக்கூடியவை எவை என்ற ஒரே அளவுகோல் போதும். தொலைக்காட்சியையும் வெயில் மறைப்பையும் இரண்டு ஆண்டு கழித்து அரை நாளில் பொருத்திக்கொள்ளலாம். தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே ஒட்டும் வெப்பத்தடுப்பு நுரை, ஜன்னல்கள் அமையும் இடம், மின்கம்பிகள் ஓடும் பாதை, தொட்டியின் இடம் இவையெல்லாம் பாடி கட்டும்போது விட்டுப்போனால், பிறகு வண்டியையே பிரித்துத்தான் சேர்க்க முடியும்.

முக்கியமாக வெப்பத்தடுப்பைக் கேளுங்கள். உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரிவதால்தான் சித்திரை வெயிலிலும் காற்று ஓடுகிறது. கனமான சுவர் வெயிலை உள்ளே விடுவதில்லை. வேனுக்கு இருப்பதோ ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகடு. ஆகவே கூரையிலும் பக்கங்களிலும் இடைவெளி விடாமல் நைட்ரைல் நுரை ஒட்டச் சொல்லுங்கள். ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிரே அமையட்டும்; கூரையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றும் வேண்டும். படுக்கை இருக்கும் பக்கத்தில் ஜன்னல் இல்லாத வரைபடம் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏசியைப் பற்றி டீலர் உங்களிடம் முழுமையாகச் சொல்லியிருக்க மாட்டார். 200 ஆம்பியர்-மணி பேட்டரியை 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 2,560 வாட்-மணி கிடைக்கிறது. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி நம் ஊர் இரவில் சராசரியாக 500 வாட் இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 4,000 வேண்டும். நள்ளிரவு தாண்டியதும் அது நின்றுவிடும். கூரையில் படுத்தாற்போல் கிடக்கும் 400 வாட் சோலார், சூட்டில் இழக்கும் திறனையும் கழித்துப் பார்த்தால், நல்ல வெயில் நாளில் 1,200 வாட்-மணி அளவு தரும். விசிறி, விளக்கு, 12 வோல்ட் குளிர்ப்பெட்டி, அதிகாலையில் காப்பிக்கு வெந்நீர் ஆகியவற்றுக்கு இது தாராளம்; ஏசிக்குப் போதாது. இரவில் ஏசி தேவை என்றால் தங்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் ஒன்றிலிருந்து மின்சாரம் எடுக்கத்தான் வேண்டும். வண்டியின் பக்கவாட்டில் மூடியுள்ள மின் நுழைவாயில், கசிவு மின்சாரத்தில் தானே அணையும் பாதுகாப்புச் சுவிட்சு, 15 மீட்டர் கனமான கேபிள் என மூன்றும் உண்டா என்று கேளுங்கள். ஓடும்போது என்ஜினிலிருந்து, உள்வசதிகளுக்கான இந்த இரண்டாவது பேட்டரியை நிரப்பும் டி.சி.-டி.சி. சார்ஜரையும் கேட்டு வாங்குங்கள். மழை நாளில் அதுதான் கைகொடுக்கும்.

தேக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நமக்குத் தேக்கின் மேல் இருக்கும் பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் எட்டுக்கு நான்கு அடியில் 18 மில்லிமீட்டர் தேக்குப் பலகை ஏறத்தாழ 35 கிலோ எடை வரும். ஆறு பலகை என்றால் 200 கிலோவைத் தாண்டிவிடும். 120 லிட்டர் தண்ணீர் 120 கிலோ, ஆறு பேர் ஏறினால் 400 கிலோ. அதன் மேல் பேட்டரி, ஏசி, பாத்திரம், சாமான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை வரம்பைத் தாண்டினால் பிரேக்கும் டயரும் முதலில் வருந்தும். கட்டி முடித்த வண்டியைத் தொட்டி நிரப்பி எடைமேடையில் ஏற்றிச் சீட்டு தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆத்தாவை நேரில் அழைத்துப் போய் மாதிரி வண்டியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். என் தாயாரை அழைத்துப்போனபோது, முதல் படியில் வலக்காலை வைத்தவர்கள் இடக்கையால் எதையாவது பற்றத் தேடி, ஒன்றும் கிடைக்காமல் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவின் இடப்பக்கக் கைப்பிடியும், தரையிலிருந்து எட்டு அங்குலத்தில் நீளும் படியும் அன்றுதான் எங்கள் பட்டியலில் சேர்ந்தன. கழிப்பறை இருக்கையின் உயரத்தையும் வீட்டில் உள்ளதோடு அளந்து ஒப்பிடுங்கள். கேசட் வகையைத் தேர்ந்தது சரியே. கழற்றி எடுத்துப்போய்ச் சாதாரணக் கழிப்பறையில் ஊற்றிவிடலாம்.

பதில் 2: கானாடுகாத்தான் வாசகர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

தம்பி, செக்காலை நண்பர் பொருளைப் பேசிவிட்டார். நான் பணத்தைப் பேசுகிறேன். ‘செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா’ என்று, அதாவது விலை ஏறி நிற்பது பொருளாலா விற்பவராலா என்று, நம் பக்கம் கேட்பார்களே, அந்தக் கேள்வியை இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியிடமும் கேட்டுப் பாருங்கள். மொத்தத்தில் 25,000 என்ற பேச்சை ஏற்காதீர்கள். மொத்தத்தில் குறைப்பவர் எந்த வரியில் ஏற்றி வைத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

டி.சி.எஸ். என்பது செலவே அல்ல. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டியின் விலையில் ஒரு சதவீதத்தை விற்பவர் உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டுகிறார். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பான் எண் சரியாகப் பதிவாகிறதா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். ஹேண்ட்லிங் கட்டணத்துக்கு, எந்தச் சேவைக்காக என்று குறிப்பிட்ட ரசீதை எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வரி மறைந்துபோவதை நான் கடன் பிரிவில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். காப்பீட்டை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளியில் இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். ஆனால் வண்டிக்கு அறிவிக்கப்படும் மதிப்பும், உள்ளமைப்புக்கான பாதுகாப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்ட பிறகே மலிவு எது என்று முடிவு செய்யுங்கள். 24 லட்சத்துக்கு எடுக்க வேண்டியதை 18 லட்சத்துக்கு எடுத்தால் பிரீமியம் குறையத்தான் செய்யும். கடன் வாங்குவதாக இருந்தால் வட்டியைப் பற்றிய பேச்சை வண்டி விலை முடிந்த பிறகே தொடங்குங்கள். மாதத் தவணை எவ்வளவு முடியும் என்று டீலர் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம்.

காலமும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆடியைப் போலவே மார்கழியிலும் நம் மக்கள் புது வண்டி எடுப்பதில்லை. அதே மார்கழியில்தான் டிசம்பர் முடிந்து, நிற்கும் வண்டிக்கு ஒரு வயது கூடுகிறது. டீலருக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. விலையை மார்கழியில் எழுத்தில் முடித்து, தை பிறந்ததும் பில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி எப்போது தயாரானது என்பதையும் பாருங்கள்: சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து ஆண்டைக் காட்டும், 2025-க்கு ‘எஸ்’, 2026-க்கு ‘டி’. 2025 வண்டியை 2026-இல் பதிவு செய்தாலும் விற்கும்போது அதை 2025 வண்டி என்றுதான் மதிப்பிடுவார்கள். அந்த இழப்பைத் தள்ளுபடியாகக் கேட்பது உங்கள் உரிமை.

பதில் 3: கரூர் வாசகர், பாடி கட்டும் பட்டறையில் பணி

ஒரு சட்டச் செய்தியை மட்டும் சேர்க்கிறேன். காலி வேனை வாங்கி, தெரிந்த பட்டறையில் மலிவாக உள்ளமைப்பு செய்துகொள்ளலாம் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இத்தகைய வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். (வாகனத் தொழில் தரநிலை) 124 என்று தனி விதித்தொகுப்பே இருக்கிறது. உங்களுக்குக் கட்டிக்கொடுக்கும் பட்டறை அந்த வடிவமைப்புக்கு ஒப்புதல் பெற்றிருக்கிறதா என்று சான்றின் நகலைக் கேளுங்கள். முன்பணம் கட்டும் முன் அந்த நகலை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, எந்த வகையாகப் பதிவாகும், வரி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஒப்புதல் இல்லாத மாற்றம் உள்ள வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் வழக்குத்தான் மிஞ்சும்.

பணத்தை நிலை நிலையாகக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தைச் சோதனை முடியும் வரை கையில் வையுங்கள். கூரையில் துளையிட்ட இடங்கள்தான் எங்கள் தொழிலின் பலவீனம்: ஏசி, விசிறி, சோலார் கம்பி நுழையும் இடம். வண்டியை நிறுத்தி ரப்பர் குழாயால் பதினைந்து நிமிடம் கூரைமேல் தண்ணீர் விடச் சொல்லி, நீங்கள் உள்ளே அமர்ந்து மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில் (மார்கழி)

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சென்ற புதன்கிழமை அப்பச்சியையும் ஆத்தாவையும் அழைத்துக்கொண்டு போனோம். ஆத்தா கழிப்பறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு, ‘திரும்ப முடியலையே’ என்றார்கள். அலமாரி ஒன்றை எடுத்துவிட்டு அந்த அறையை ஐந்து அங்குலம் அகலப்படுத்த ஒப்புக்கொண்டார்கள். ஒப்புதல் பெற்ற வடிவமைப்பிலேயே அந்த அளவு உண்டு என்பதைச் சான்றின் வரைபடத்தில் காட்டினார்கள்.

தொலைக்காட்சி, வெயில் மறைப்பு, தோல் இருக்கை, தேக்கு நான்கையும் நீக்கியதில் 1,60,000 குறைந்தது. வெப்பத்தடுப்பு, கைப்பிடிகள், தாழ்படி, மின் நுழைவாயில் ஆகியவற்றுக்கு 45,000 கூடியது. ஆக்சசரீஸ் வேண்டாம் என்றோம். ஹேண்ட்லிங் கட்டணத்துக்குச் சேவையின் பெயரோடு ரசீது கேட்டதும் மேலாளரிடம் பேசி வருவதாக உள்ளே போனவர், திரும்பி வந்து அந்த வரியை அடித்துவிட்டார். அதே மதிப்புக்கு வெளியில் காப்பீடு 84,000-க்குக் கிடைத்தது. சேசிஸில் பத்தாவது எழுத்து ‘எஸ்’ என்பதைக் காட்டியபோது வண்டி விலையில் 60,000 குறைத்தார்கள். கூடுதல் வாரண்டியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். இப்போது மொத்தம் 29,26,700 ரூபாய், முதலில் சொன்னதைவிட 2,94,750 குறைவு. எடைமேடைச் சீட்டும், தண்ணீர்ச் சோதனையும், கடைசிப் பத்து சதவீதமும் ஒப்பந்தத்தில் எழுத்தில் உள்ளன.

தை பிறந்ததும் பில் போடுகிறார்கள், பங்குனியில் வண்டி கைக்கு வரும் என்கிறார்கள். இந்தத் தைப்பூசத்துக்கு நாங்கள் மட்டும் நடக்கிறோம். சிங்கம்புணரிக்கும் நத்தத்துக்கும் இடையே வண்டியை நிழலில் நிறுத்தி, 16 ஆம்பியர் பிளக்கும் கிடைக்கக்கூடிய தங்கல் இடங்களை வழியிலேயே பார்த்துக் குறித்து வருகிறேன்.