அந்தத் தொப்பியைத் துவைக்க வேண்டாம்

குழு: கும்பகோணம் வீட்டார்
சனிக்கிழமை (நேரம் எல்லாம் அமெரிக்கக் கணக்கு)

காலை 10.41
கதிர் (டேட்டன்): எடிசன் மாமா, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த தெருவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். கொட்டகையில் இந்த ராணுவத் தொப்பி கிடந்தது. வெளியே இரும்பு, உள்ளே லைனர், அதாவது இரும்புக்குள் மாட்டும் லேசான தனித் தொப்பி. நாற்பது டாலர் கொடுத்தேன். விற்பனையை நடத்தியவர் வியட்நாம் காலத்தது என்றார். ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

10.44
பெரியம்மா: வீட்டில் குழந்தை இருக்கும்போது யார் தலையில் இருந்ததோ அதைக் கொண்டுவந்தாயா? ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

10.46
பானு: பெரியம்மா, நானும் அதைத்தான் சொன்னேன். உள்ளே இருக்கும் தோல் பட்டை கறுத்துப்போயிருக்கிறது. சலவைத்தூள் கரைத்து வாளியில் வைத்துவிட்டேன். அரை மணி நேரம் ஊறினால் போதும்.

10.47
எடிசன் மாமா: பானு, வேண்டாம் அம்மா. வாளியை எடுத்துவிடு. காரணத்தை இரண்டு நிமிடத்தில் எழுதுகிறேன்.

10.53
எடிசன் மாமா: சலவைத்தூளில் துணியை வெள்ளையாகக் காட்டும் ஒரு சரக்கு கலந்திருக்கிறது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழே அது நீலமாக ஒளிரும். லைனருக்குள் தலையைத் தாங்குவது பழைய நாடாவா, பின்னாளில் போலியாகத் தைத்து மாட்டியதா என்று பார்க்க, சேகரிப்பவர்கள் முதலில் எடுப்பது அந்த விளக்கைத்தான். துவைத்துவிட்டால் அசலும் போலியைப் போலவே ஒளிரும். என்னிடம் இருந்த முதல் லைனரை நான் அப்படித்தான் துவைத்தேன். அது அசல் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

10.54
பானு: ஐயோ மாமா, இன்னும் நனைக்கவில்லை. வாளியைக் கொட்டிவிட்டேன்.

10.55
எடிசன் மாமா: நல்லது. கதிர், இரும்பை ஒதுக்கி வை. லைனரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார். நெற்றியில் சின்ன உலோக வளையம் பதித்த துளை இருக்கிறதா?

10.58
கதிர்: இருக்கிறது.

10.59
எடிசன் மாமா: அப்படியானால் வியட்நாம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால லைனரில்தான் அந்தத் துளை இருக்கும். அதிகாரிகள் பதவிச் சின்னத்தைக் குத்திக்கொள்ள வைத்தது. 1960களின் லைனரில் அது கிடையாது. இனி, வெளிப்பக்கம் பெயின்ட் உரிந்த இடத்தில் என்ன தெரிகிறது?

11.03
கதிர்: துணி நெசவு தெரிகிறது மாமா. ஆனால் தொட்டால் பிளாஸ்டிக் போல் கெட்டியாக இருக்கிறது.

11.08
எடிசன் மாமா: பருத்திக் கித்தானைப் பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வார்த்தது. 1941இல் இந்தத் தொப்பி வந்தபோது லைனர் வெறும் அழுத்திய அட்டை, மேலே துணி ஒட்டியது. ஹாலி என்ற கம்பெனி செய்தது. ஈரம் பட்டால் அட்டை உப்பிவிடும். போர்க்களத்துக்கு அது தாங்கவில்லை, 1942 கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். உன்னுடையது அதற்கு அடுத்த தலைமுறை. உச்சியின் உட்புறத்தில் எழுத்து ஏதாவது புடைத்திருக்கும், நாடாவை விலக்கிப் பார்.

11.12
கதிர்: மாமா!! "இன்லாண்ட்" என்று இருக்கிறது!

11.16
எடிசன் மாமா: நீ எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாய் தெரியுமா? இன்லாண்ட் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. தொழிற்சாலை உன் டேட்டனில்தான் இருந்தது. எம்1 கார்பைன் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கில் அங்கேதான் செய்தார்கள். வெஸ்டிங்ஹவுஸ், ஃபயர்ஸ்டோன், கேபாக், எம்.எஸ்.ஏ. என்று பலர் லைனர் செய்தார்கள். எண்பது வருடம் கழித்து, பிறந்த ஊரிலேயே ஒரு லைனர் கிடைப்பது எனக்குத் தெரிந்து அபூர்வம்.

11.17
அம்மா: நாற்பது டாலருக்கு இவ்வளவு இருக்கிறதா அதில்.

11.21
எடிசன் மாமா: அக்கா, இன்னும் இருக்கிறது. கதிர், நாடா என்ன நிறம்?

11.24
கதிர்: தலையைத் தாங்கும் நாடாக்கள் வெளிறிய காக்கி. மீன்முள் மாதிரி நெசவு. உச்சியில் ஷூ லேஸ் போன்ற கயிற்றால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஆனால் பிடரிப் பக்கத்துப் பட்டை மட்டும் கரும்பச்சை. இதை யாரோ மாற்றியிருக்கிறார்களா?

11.33
எடிசன் மாமா: நல்ல கண் உனக்கு. முதலில் வந்த நாடா ரேயான், வெள்ளி போல் மினுங்கும், சீக்கிரம் நைந்துவிடும். அடுத்து வந்தது உன்னிடம் இருக்கும் காக்கிப் பருத்தி. போரின் கடைசிக் கட்டத்தில் கரும்பச்சைக்கு மாறினார்கள். பிடரிப் பட்டை பட்டன் அழுத்தி மாட்டுவதுதான், நொடியில் கழற்றலாம். பட்டாளத்திலேயே மாற்றியிருப்பார்கள். அதைக் குறையாக நினைக்காதே. ஆனால் காக்கி நாடா ரிவெட் அடித்தது. ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் சிதைந்திருக்கிறதா? முக்கோண வாஷர்கள் அசையாமல் இருக்கின்றனவா? கயிற்றைத் தளர்த்தாமல், நாடா ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தை விரலால் லேசாக நெம்பிப் பார்.

11.41
கதிர்: பெயின்ட் சிதையவில்லை. வாஷர் ஆறும் இறுக்கமாக இருக்கின்றன. மேல் நாடா அழுக்கேறிப் பழுப்பாக இருக்கிறது. அது மறைத்திருந்த இடத்தில் மட்டும் கீழ் நாடா புதுசு போல் வெளிர் பச்சை கலந்த காக்கி. கோடு போட்டது போல் எல்லை தெரிகிறது.

11.45
எடிசன் மாமா: அந்தக் கோட்டை ஒருவரும் போலியாகச் செய்ய முடியாது. தேநீரில் முக்கிப் பழசாக்கினால் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் கறுக்கும். இது வருடக்கணக்கில் தலையோடு இருந்த நாடா. தோல் தாடைப்பட்டை ரிவெட்டா, கழற்றும் கொக்கியா?

11.46
கதிர்: கழற்றலாம். இரு பக்கமும் குமிழில் மாட்டியிருக்கிறது.

11.50
எடிசன் மாமா: ஆரம்பத்தில் அதையும் ரிவெட் அடித்தார்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் லைனர் 1943, 44 வாக்கில் செய்தது. இனி இரும்பு. விளிம்பின் இணைப்பு முன்னாலா பின்னாலா?

11.52
கதிர்: பின்னால். பட்டை மாட்டும் வளையம் ஆடுகிறது.

11.55
எடிசன் மாமா: ஆடும் வளையம் 1943 இறுதியிலும், பின் இணைப்பு 1944 இறுதியிலும் வந்தவை. ஆக இரும்பு லைனரைவிட இளையது. இரண்டும் பிறகு சேர்ந்தவை. விற்கும்போது "ஒரே ஜோடி" என்று சொல்லிவிடாதே. அவர் வியட்நாம் என்றது எதை வைத்து?

12.02
கதிர்: இன்னொரு லைனரும் அங்கே இருந்தது, நான் எடுக்கவில்லை. அதன் நாடாவில் "டி.எஸ்.ஏ. 100-68-சி" என்று மை முத்திரை.

12.06
எடிசன் மாமா: அது வியட்நாம் காலம்தான். டி.எஸ்.ஏ. என்பது ராணுவத்துக்குச் சாமான் வாங்கிய அமெரிக்க அரசு அமைப்பு, 68 என்பது ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. அப்போது அவர்களுக்கு நிதியாண்டு ஜூலையில் பிறக்கும். ஆகவே அது 1967 ஜூலைக்கும் 1968 ஜூனுக்கும் இடையில் போட்ட ஒப்பந்தம். ஒன்றைப் பார்த்து இரண்டையும் சொல்லிவிட்டார். கதிர், கடைசியாக ஒன்று. லைனருக்குள் நெற்றியைச் சுற்றி வரும் தோல் பட்டையை மெதுவாகத் தூக்கு, இழுக்காதே. அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

12.15
கதிர்: மங்கிய மையில் "எச் 4417". அப்படியென்றால்?

12.19
எடிசன் மாமா: சலவைக்குப் போடும் குறி. குடும்பப் பெயரின் முதல் எழுத்து, சிப்பாய் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். அந்த வீட்டுக்காரர் பெயர் என்ன என்று இங்கே எழுதாதே. எச் எழுத்தில் ஆரம்பிக்கிறதா, அதை மட்டும் சொல்.

12.20
கதிர்: ஆரம்பிக்கிறது மாமா.

12.21
பெரியம்மா: கதிரு, அந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?

12.24
கதிர்: மகள் இருக்கிறார், எழுபது வயது இருக்கும். பணம் வாங்கும் மேஜைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் ராணுவக் காகிதங்களை மட்டும் விற்கவில்லை என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

12.25
பானு: நாளையும் விற்பனை உண்டு. பத்து மணிக்குத் திறப்பார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் போகிறோம்.