ஃபால்ஸ் தைத்த கரை துவைத்ததும் இழுத்துக்கொள்கிறது: பிரித்து வீட்டிலேயே தைப்பது எப்படி?

தாமரைஇலை:

தோழிகளே, ரெண்டு சேலை, ரெண்டு விதமான பிரச்சினை. ஒண்ணு பூனம் சேலை. கடையில கொடுத்து ஃபால்ஸ் (கீழ்க்கரைக்கு உள்பக்கமா வச்சுத் தைக்கிற பட்டைத் துணி) வச்சது. முதல் தண்ணியிலேயே கீழ்க்கரை முழுக்க சுருக்கு சுருக்கா இழுத்துக்கிச்சு. அயர்ன் பண்ணினா படியுது, கட்டின கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடுது.

இன்னொண்ணு நெகமம் காட்டன். அதுல நேர் எதிர். சேலை சரியா இருக்கு, ஃபால்ஸ் தொளதொளன்னு தொங்கி கரைக்குக் கீழே எட்டிப் பார்க்குது.

ரெண்டையும் பிரிச்சு நானே கையால தைக்கலாம்னு இருக்கேன். ஹெம்மிங் ஓரளவு வரும். பழைய ஃபால்ஸைத் தூக்கிப் போடணுமா, திரும்ப வைக்கலாமா? எந்த இடத்துல ஆரம்பிச்சு எது வரைக்கும் தைக்கணும்? புதுசா ஒரு காஞ்சிபுரம் பட்டும் இருக்கு, அதுக்கு இன்னும் ஃபால்ஸ் வைக்கல. இந்த ரெண்டுலயும் கை பழகிட்டு அதைத் தொடலாம்னு எண்ணம்.

---

ஊசிநூல்:

இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். சேலையும் ஃபால்ஸும் ஒரே அளவு சுருங்கவில்லை. பூனம் செயற்கை இழை, தண்ணீரில் சுருங்காது. அதில் நனைக்காத காட்டன் ஃபால்ஸை வைத்திருக்கிறார்கள். 2.5 மீட்டர் ஃபால்ஸ் மூன்று சதவீதம் சுருங்கினாலே 7.5 செ.மீ. குறையும். அந்த 7.5 செ.மீ. சேலைத் துணி எங்கே போகும்? சுருக்கமாக நிற்கும். எத்தனை முறை அயர்ன் செய்தாலும் நீளம் திரும்பி வராது. நெகமத்தில் இது தலைகீழ்: சேலை சுருங்கியது, பாலியஸ்டர் ஃபால்ஸ் சுருங்கவில்லை, மிச்சத் துணி கீழே தொங்குகிறது.

ஃபால்ஸ் எந்த வகை என்று சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து தொட்டால் உதிர்கிற சாம்பலாகப் போனால் காட்டன். சுருண்டு உருகிக் கறுப்பாகக் கெட்டி மணி விழுந்தால் பாலியஸ்டர். மணி ஆறும்வரை தொட வேண்டாம், விரலில் ஒட்டிச் சுட்டுவிடும்.

எனவே பூனத்தில் இருக்கிற ஃபால்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி சுருங்கி முடிந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி அதை நனைப்பதைவிட இதுவே மேல். பிரித்ததும் இன்னொரு முறை நனைத்து, ஈரம் இருக்கும்போதே இழுக்காமல் அயர்ன் செய்து அதையே வையுங்கள். நெகமத்திலிருந்து எடுக்கிற பாலியஸ்டர் ஃபால்ஸை வேறு பூனத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு, நெகமத்துக்குக் காட்டன் ஃபால்ஸ் வாங்குங்கள்.

புதுக் காட்டன் ஃபால்ஸை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். மெரூன், கருநீலம், பச்சை போன்ற அழுத்தமான நிறங்கள் சாயம் விடும். தண்ணீரை மாற்றி மாற்றி அலசிப் பாருங்கள். நாலாவது தண்ணீரிலும் நிறம் இறங்கினால் அது பட்டுக்கோ வெளிர்நிறச் சேலைக்கோ ஆகாது. உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம். ஒட்டாமல் நிற்கிற சாயத்தை அலசித்தான் வெளியேற்ற முடியும். கடைசியில் ஈர ஃபால்ஸின் மேல் வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கறை ஏறாமல் இருந்தால் தைக்கலாம். பிழியாமல் நிழலில் நேராகப் போட்டு, முக்கால் காய்ந்ததும் அயர்ன் செய்யுங்கள்.

பிரிக்கிறபோது அவசரம் கூடாது. நூலின் ஒரு முனையைப் பிடித்துச் சர்ரென்று உருவினால் மெல்லிய துணியில் இழை நகர்ந்து கோடு விழும், பட்டில் நூலே துணியை அறுத்துவிடும். ஃபால்ஸ் பக்கத்திலிருந்து மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாகக் கூர்முனைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே போய், துண்டு துண்டாக எடுங்கள். கத்தரி முனை எப்போதும் ஃபால்ஸைப் பார்த்து இருக்கட்டும், சேலையைப் பார்த்து வேண்டாம். பிரித்த பூனத்தின் கரையில் ஈரத் துணி போட்டு, சூட்டைக் குறைத்து அயர்ன் செய்தால் படியும்.

---

பாவுநூல்:

காரணத்தை மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், நான் வைக்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்து இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். பல சேலைகளில் அது செருகுகிற முனையில்தான் இருக்கும். வெட்டாமல் ஃபால்ஸ் வைத்தால் பிறகு ஃபால்ஸையும் சேர்த்து வெட்ட வேண்டி வரும். வெட்டிய முனையை அப்போதே மடித்துத் தைத்துவிடுங்கள், அல்லது பிக்கோ (ஓரம் பிரியாமல் இருக்க மிஷினில் அடிக்கிற தையல்) போடுங்கள்.

எது கீழ்ப்பக்கம்? சேலையின் நல்ல பக்கம் மேலே தெரிய, முந்தி உங்கள் வலது கைப் பக்கமும் செருகுகிற முனை இடது கைப் பக்கமும் வருமாறு விரியுங்கள். உங்கள் வயிற்றை ஒட்டி இருக்கிற கரைதான் தரையைத் தொடுகிற கரை. முந்தியை இடது தோளில் போடுகிறவர்களுக்கு இதுதான் கணக்கு. ஒரு பக்கம் பெரிய கரை இருக்கிற சேலையில் சந்தேகமே இல்லை, பெரிய கரைதான் கீழே. இரு பக்கமும் ஒரே கரை உள்ள சேலையில்தான் மாற்றி வைத்துவிடுவார்கள். அப்புறம் கட்டினால் ஃபால்ஸ் இடுப்பில் இருக்கும். கண்டுபிடித்ததும் அந்தக் கரையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, சேலையைத் திருப்பி உள்பக்கம் மேலே வருமாறு போடுங்கள்.

கட்டிலுக்குப் பதில் தரையிலோ பெரிய மேசையிலோ வையுங்கள். மெத்தை மேல் வைத்துத் தைத்தால் இரண்டு துணியும் வேறு வேறாகக் குழியும், அங்கேயே சுருக்கம் தொடங்கிவிடும். ஃபால்ஸின் கீழோரம் சேலை ஓரத்துக்கு ஒரு நூல் அளவு உள்ளே, அதாவது 1 அல்லது 2 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். சரியாக ஓரத்தோடு ஓரம் வைத்தால் துவைத்ததும் வெளியே தெரியும். ஃபால்ஸின் இரு குறுக்கு முனைகளையும் அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். பிறகு அடிக்கு ஒன்றாக நீண்ட தையல் போட்டு இரண்டையும் தற்காலிகமாகப் பிணையுங்கள். ஃபால்ஸை இழுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம்.

முதலில் கீழோரம், பிறகு மேலோரம். கீழோரத்துக்கு ஓட்டுத் தையல்: உள்ளே கால் அங்குலம் ஓடி, வெளியே புள்ளி மட்டும் தெரியட்டும். இங்கே இடைவெளி பெரிதானால் மெட்டியும் கொலுசும் மாட்டி இழுத்துவிடும். மேலோரத்துக்கு ஹெம்மிங்: சேலையில் ஒன்றிரண்டு இழையை மட்டும் எடுத்து, 1 செ.மீ.க்கு ஒரு தையல். நூலை இறுக்காதீர்கள். ஒவ்வொரு நூல் முடிந்ததும் விரலால் நீவிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

நூல் ஒற்றையாக, அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். நீள நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். குட்டை நூலில் இன்னொரு பலனும் உண்டு: எங்காவது அறுந்தால் அந்த ஒரு முழம்தான் பிரியும், மொத்தமும் பிரியாது. 9 அல்லது 10 நம்பர் ஊசி போதும்.

நூலின் நிறம் ஃபால்ஸுக்குப் பொருந்த வேண்டியதில்லை, வெளியே தெரிகிற சேலைக்குத்தான் பொருந்த வேண்டும். ஃபால்ஸ் சுமார் 5 அங்குல அகலம். கரை 3 அங்குலம் என்றால் கீழோரத் தையல் கரையில் விழும், மேலோரத் தையல் உடலில் விழும். ஆகவே இரண்டு நிற நூல் வாங்குங்கள். கடைகளில் ஒரே நூலில் முடித்துவிடுவதால்தான் மாம்பழ மஞ்சள் உடலில் அரக்குப் புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன.

---

மிஷின்மிதி:

பூனத்துக்கு இவ்வளவு கை வேலை தேவையா? கீழோரத்தை மிஷினில் அடித்து, மேலோரத்தை மட்டும் கையால் ஹெம்மிங் செய்தால் நேரம் பாதியாகும், கீழோரம் உறுதியாகவும் இருக்கும். 11 நம்பர் ஊசி, தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ., மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மிஷினின் பல் அடித்துணியை முன்னே தள்ளும், மேல்துணியை மிதிப்பான் பிடித்து நிறுத்தும். அதனால் மேலே இருக்கிற துணி மெல்ல மெல்லப் பின்தங்கி, கடைசியில் ஓர் அங்குலம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை இழுத்துச் சமன் செய்தால், துவைக்காமலே சுருக்கம் வரும். பாவுநூல் சொன்ன அடிக்கு ஒரு பிணைப்பு இங்கேயும் வேண்டும். ஒவ்வொரு பிணைப்புக்கும் இடையில் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்தி, மிதிப்பானைத் தூக்கி இறக்கினால் துணி தானாகச் சரியாகும்.

---

ஊசிநூல்:

பூனத்துக்கும் காட்டனுக்கும் மிஷின் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். பட்டுக்கு வேண்டாம். மிஷின் ஊசி ஜரிகையைக் குத்தினால் அதன் மேல் சுற்று பிரிந்து உள்ளே இருக்கிற நூல் தெரிய ஆரம்பிக்கும். ஃபால்ஸ் என்பது தேய்ந்ததும் மாற்றுகிற துணி. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் 2.5 மீட்டருக்கு ஊசி ஓட்டை வரிசை மிஞ்சக் கூடாது.

பட்டில் பாலியஸ்டர் நூலும் கூடாது. கால் மாட்டி இழுத்தால் நூல் அறுந்து போக வேண்டும், சேலை கிழியக் கூடாது. மெல்லிய காட்டன் நூல் அல்லது பட்டு நூல் போதும். குண்டூசி குத்தி வைக்காதீர்கள், துருப்பிடித்த ஒரே குண்டூசி போதும் கறை போட. நூலால் பிணைப்பதே பாதுகாப்பு. கீழோரத்தில் ஜரிகை ஓரம் வரை வந்தால், இரண்டு ஜரிகை இழைக்கு நடுவில் ஊசியை விடுங்கள், இழையின் மேல் குத்த வேண்டாம்.

---

தாமரைஇலை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னிக்கு பூனத்தைப் பிரிச்சு அளந்தேன். ஃபால்ஸ் இப்போ 2 மீட்டர் 40 செ.மீ.தான் இருக்கு. ஆரம்பிக்கிற இடத்துல ஆறு அங்குலம் விட்டுட்டு வைக்கணும்னு சொல்றாங்களே, அப்படி வச்சா கொசுவம் முடியற வரைக்கும் வருமா?

---

பாவுநூல்:

ஆறு அங்குலம் என்பது பொது அளவு. உங்கள் அளவு உங்கள் இடுப்பையும் கொசுவத்தையும் பொறுத்தது. இடுப்புச் சுற்று 40 அங்குலம், கொசுவம் ஆறு, ஒவ்வொன்றும் 5 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொசுவத்துக்குப் போக வர 10 அங்குலம், ஆறுக்கு 60. மொத்தம் 100 அங்குலம், அதாவது 2 மீட்டர் 54 செ.மீ. உங்களிடம் இருப்பது 14 செ.மீ., ஐந்தரை அங்குலம் குறைவு.

இந்தக் குறைவை எந்த முனையில் விடுவது என்பதுதான் முக்கியம். செருகுகிற முனையில் விடுங்கள். அந்த இடம் கட்டியபின் மேல்சுற்றுக்கு உள்ளே மறைந்துவிடும், தரையில் உரசுவதும் குறைவு. கொசுவம்தான் எடை தாங்கி நேராக விழ வேண்டிய இடம், அங்கே ஃபால்ஸ் பாதியில் நின்றால் கடைசிக் கொசுவம் மட்டும் பறக்கும். ஆகவே வழக்கமாக அணிகிற செருப்போடு சேலையை ஒருமுறை கட்டி, கடைசிக் கொசுவம் முடிகிற இடத்தில் கீழ்க்கரையில் நூல் அடையாளம் போடுங்கள். ஃபால்ஸை அந்த அடையாளத்துக்கு இரண்டு அங்குலம் தாண்டி வைத்து, அங்கிருந்து செருகுகிற முனையை நோக்கிப் பின்னால் வாருங்கள்.

பட்டுக்கும் இப்படியே கட்டிப் பார்த்து அளந்துவிட்டு ஃபால்ஸ் வாங்குங்கள். இடுப்புச் சுற்று 44க்கு மேல் என்றால் நனைத்தபின் 2.75 மீட்டராவது இருக்க வேண்டும்.

---

மிஷின்மிதி:

நெகமத்துக்குக் கடை ஃபால்ஸே வேண்டியதில்லை. வீட்டில் கிழிந்த பழைய காட்டன் வேட்டி இருந்தால் அதுவே போதும், பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்த துணி. ஐந்தரை அங்குல அகலத்தில் வேட்டியின் நீளவாக்கில் வெட்டுங்கள், குறுக்கே வெட்ட வேண்டாம். நீளவாக்கில் பாவு இழை ஓடும், கட்டும்போது நெளியாது. இரு பக்கமும் கால் அங்குலம் மடித்து அயர்ன் செய்தால் 5 அங்குலம் கிடைக்கும். நைந்த பகுதியைத் தவிர்த்து எடுங்கள், நீளம் போதவில்லையென்றால் ஒட்டுப் போடலாம். ஒட்டு, கொசுவம் வருகிற பகுதியில் விழாமல் இடுப்புச் சுற்றுப் பகுதியில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணி என்பதால் சாயம் இறங்குகிற பயமும் இல்லை. அழுத்த நிறச் சேலையில் அடியில் வெள்ளை தெரியுமே என்றால், ஓரத்திலிருந்து 2 மி.மீ. என்பதை 3 மி.மீ. ஆக்குங்கள்.

சேலை ஒருமுறை துவைத்ததுதான் என்றால் ஃபால்ஸ் வைக்கும் முன் இன்னொரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். கஞ்சி போடுகிற வழக்கம் இருந்தால் தைத்து முடித்தபிறகு போடுங்கள், கஞ்சி ஏறிய துணியில் ஹெம்மிங் ஊசி ஓர் இழையை மட்டும் எடுக்க வராது.